மோட்டாருக்கு ஏற்ற மின்சாரம்: சிவசமுத்திரம் முதல் நம் இல்லம் வரை

இந்நாளில் தமிழர் இல்லங்களில் மோட்டார் இல்லாத இல்லம் அரிது. கிணற்றுநீரை மேலேற்றுவது மோட்டார், மாவரைப்பது மோட்டார், கூடத்தில் காற்று வீசுவதும் மோட்டார். ஒன்று பழுதுற்றால் மற்றொன்றை வாங்கி அவ்விடத்தில் பொருத்துகிறோம். புதியது பழையதைப் போலவே ஓடும் என்ற நம்பிக்கை நம் உள்ளத்தில் இயல்பாகவே இருக்கிறது. இந்த நம்பிக்கை நெடுங்காலம் பொய்யாக இருந்தது என்பதையும், அது மெய்யாவதற்கு நம் நாடு பல பதிற்றாண்டுகள் உழைத்தது என்பதையும் நம்மில் பலர் அறியார். தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வரலாறு சிறப்பாக உரியது. மைசூர் நாட்டின் மின்சாரக் கதையில் முதலிலும் முடிவிலும் தமிழர் இருக்கின்றனர்.

கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூரைக் கடந்து செல்வோர் ராமாபுரம் என்னும் ஊரைக் காண்பர். கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது அது மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1997-ல் மைசூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, இப்பகுதி சாமராஜநகர் மாவட்டமாயிற்று. தமிழும் கன்னடமும் அண்டை வீட்டாராக வாழும் எல்லைப் பகுதி அது. அவ்வட்டத்தின் வடமேற்கே காவிரி இரு கிளையாகப் பிரிந்து பாறைகளின்மீது வீழ்கிறது. அவ்வீழ்ச்சியே சிவசமுத்திரம். தென்னிந்தியாவில் பெருமளவில் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி முதன்முதலாக வெற்றி கண்டது அங்கேதான்.

அம்முயற்சிக்கு முன்நின்றவர் மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூரில் பணி தேடி வந்து, 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர் அவர். வேற்றுநாட்டில் வாழ்வு தேடிய தமிழர் அந்நாட்டுக்கே விளக்கேற்றினார் என்று நாம் பெருமையுடன் சொல்லலாம். அவருக்குத் துணையாக நின்ற பொறியாளர் கனடாவில் பிறந்த ஆங்கிலப் படையதிகாரி டி லாட்பினியேர். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, அங்கு புதிதாக எழுந்து கொண்டிருந்த மின் நிலையங்களை நேரிற் கண்டு திட்டத்தை வகுத்தார். இயந்திரங்கள் கடல் கடந்து வந்தன. ரயில் நிலையத்திலிருந்து அவற்றை இழுத்துச் செல்ல மாடுகளும் யானைகளும் வேண்டியிருந்தன. திவான் 1901-ல் மறைந்தார். தாம் தொடங்கிய பணி முடிந்ததைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1902 ஜூன் மாத இறுதியில் சிவசமுத்திரத்தின் மின்சாரம் கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது.

இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 92 மைல் தூரம். இன்றைய கணக்கில் 148 கிலோமீட்டர். அந்நாளில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. முதற்கட்டத்தில் சுரங்கங்களுக்கு 4,000 குதிரைத்திறன் அளிக்க ஏற்பாடு. ஆழத்திலிருந்து கல்லை மேலே தூக்கவும், அதை இடித்துப் பொடியாக்கவும் அதுவரை நிலக்கரியும் விறகும் எரிந்தன. இனிமேல் காவிரி அவ்வேலையைச் செய்தது. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அந்நகரில் தமிழ் ஒலி ஓயவில்லை.

இனி மின்சாரத்தின் இரண்டு அளவுகளைப் பார்ப்போம். ஒன்று, மின்னழுத்தம், வோல்ட் என்னும் அலகால் அளப்பது. மற்றொன்று, சுழற்சி, மாறு மின்னோட்டம் ஒரு விநாடியில் எத்தனை முறை முன்னும் பின்னும் சென்று வருகிறதோ அந்த எண். இன்று இதனை ஹெர்ட்ஸ் என்கிறோம். நீர்க்குழாயை உவமையாகக் கொண்டால் மின்னழுத்தம் நீரை உந்தும் விசை. மின்னோட்டம் ஓடும் நீரின் அளவு. ஒரே திறனை அனுப்புவதற்கு அழுத்தத்தை உயர்த்தினால் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கம்பியில் வெப்பமாக வீணாகும் இழப்போ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சிவசமுத்திரத்தில் 2,200 வோல்ட்டில் பிறந்த மின்சாரத்தை 35,000 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினர். அழுத்தம் ஏறத்தாழ 16 மடங்கு உயர்ந்தது. ஆகவே அதே கம்பியில் இழப்பு சுமார் 250-ல் ஒரு பங்காகக் குறைந்தது. நீண்ட தூரத்துக்கு மின்சாரத்தை அனுப்பும் வித்தையின் உயிர் இதுவே.

அழுத்தத்தை மின்மாற்றியால் கூட்டலாம், குறைக்கலாம். சுழற்சியை அவ்வாறு எளிதாக மாற்ற இயலாது. சிவசமுத்திரம் விநாடிக்கு 25 சுழற்சியில் இயங்கிற்று. இன்று நம் இல்லங்களில் இருப்பதில் இது சரிபாதி. ஏன் 25? அதற்கு முன்மாதிரி நயாகரா. 1895-ல் இயங்கத் தொடங்கிய அம்மின் நிலையத்தில் நீர்ச்சுழலியின் வேகம் நிமிடத்துக்கு 250 சுற்று என்று முன்னரே தீர்மானமாகிவிட்டது. எட்டுக் காந்த முனைகளை வைத்தால் 16⅔ சுழற்சி; பதினாறு வைத்தால் 33⅓. முன்னது இயந்திரங்களுக்கு நன்று. பின்னது விளக்குகளுக்கு நன்று. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு முனை வைத்து 25 என்று சமரசம் செய்துகொண்டனர். ஒரு சுழலியின் வேகத்தால் நேர்ந்த எண், கடல்கடந்து காவிரிக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

சுரங்கத்து இயந்திரங்களுக்கு 25 சுழற்சி நன்றாகவே உதவிற்று. ஆனால் சிவசமுத்திர மின்சாரம் சுரங்கத்தோடு நிற்கவில்லை. 1905-ல் பெங்களூர் நகரத் தெருக்களிலும், 1908-ல் மைசூர் நகரிலும் அது விளக்கேற்றிற்று. பின்னர் ஆலைகளுக்கும் இல்லங்களுக்கும் பரவிற்று. 25 சுழற்சியில் விளக்கொளி சற்றே துடிப்பது கண்ணுக்குப் புலப்படும். விளக்காவது துடித்தாலும் எரியும். மோட்டாரின் நிலை வேறு.

மாறு மின்னோட்டத்தில் இயங்கும் சாதாரண மோட்டாரின் வேகம் சுழற்சியாலும் காந்த முனைகளின் எண்ணிக்கையாலும் கட்டுண்டது. சுழற்சியை 120-ஆல் பெருக்கி முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். நான்கு முனை மோட்டார் 50 சுழற்சியில் 1,500 சுற்று என்னும் காந்த வேகத்தையொட்டி, அதனினும் சற்றுக் குறைவாக ஓடும். 25 சுழற்சியில் அதே மோட்டார் 750-ஐ ஒட்டியே ஓடும். வேகம் பாதியாயிற்று என்பதோடு தீங்கு முடிவதில்லை. சுழற்சி பாதியாகும்பொழுது, அழுத்தம் மாறாதிருந்தால், இரும்பில் எழும் காந்தப் பெருக்கு இருமடங்காக முயலும். இரும்போ ஓரளவுக்கு மேல் காந்தத்தை ஏற்காது. ஏற்காத மிகுதி மின்னோட்டமாகச் சுருளில் பாய்ந்து, சுருளைச் சுட்டுக் கருக்கிவிடும்.

எதிர்ப்புறமும் நன்மையில்லை. 25 சுழற்சிக்கென அமைந்த மோட்டாரை 50-ல் இணைத்தால் அது இருமடங்கு வேகத்தில் ஓட முயலும். நீரேற்றும் பம்பு இருமடங்கு வேகத்தில் சுழல வேண்டுமானால் எட்டு மடங்கு திறன் வேண்டும். மோட்டாரின் முறுக்கு வலிமையோ கால்பங்காகக் குறைந்திருக்கும். ஆகவே அது ஓட முடியாமல் திணறி, மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து எரியும். ஒரே வோல்ட், ஒரே குதிரைத்திறன், ஒரே உருவம் ஆகிய மூன்றும் பொருந்தியும் சுழற்சி ஒன்று பொருந்தாமையால் மோட்டார் வீணாகிறது.

அந்நாளைய இந்தியாவில் இத்தகைய வேறுபாடுகள் எத்தனை இருந்தன என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதே வியப்பு. 1897-ல் தொடங்கிய டார்ஜிலிங்கின் சித்ராபோங் நீர்மின் நிலையம் 83.3 சுழற்சியில் இயங்கிற்று. கல்கத்தாவில் 1899-ல் தொடங்கிய மின்வினியோகம் நேர் மின்னோட்டம். அதில் சுழற்சி என்பதே கிடையாது. அந்நகரின் பழைய பகுதிகளில் நேர் மின்னோட்டம் மிக நெடுங்காலம் நீடித்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காராவும், 1937-ல் மேட்டூரும் சென்னை மாகாணத்துக்கு 50 சுழற்சி மின்சாரம் அளித்தன. எனவே கோயம்புத்தூர்த் தமிழர் ஒருவர் தம் மின்விசிறியை எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்றிருந்தால், நேர் மின்னோட்டப் பகுதியில் அது சுழன்றிராது, சுருள் கருகியிருக்கும். சிவசமுத்திரத்தின் 25 சுழற்சி நேராக வந்த இல்லத்துக்குச் சென்றிருந்தாலும் அது பயன்பட்டிராது. ஊர் மாறினால் மொழி மாறும், உணவு மாறும். அந்நாளில் வீட்டு மோட்டாரும் மாற வேண்டியிருந்தது.

மின்னழுத்தத்தின் வரலாறும் இப்படியே. எடிசன் தம் விளக்குகளுக்கு ஏற்றவாறு 110 வோல்ட் அளவைப் பரப்பினார். 1899-ல் பெர்லின் மின்நிறுவனம் 220 வோல்ட்டுக்கு மாறத் துணிந்தது. அழுத்தம் இருமடங்கானால் அதே திறனுக்கு ஓட்டம் பாதி. கம்பியில் இழப்பு கால்பங்கு. ஆகவே செம்பு மிச்சம். வாடிக்கையாளரின் விளக்குகளையும் மோட்டார்களையும் மாற்றித் தந்த செலவை அந்தச் செம்பின் மிச்சமே ஈடுசெய்தது. ஐரோப்பா அவ்வழியைப் பின்பற்றிற்று. பிரிட்டன் வழியாக அத்தகைய உயர்ந்த அளவு இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்காவில் முன்னரே எண்ணற்ற இல்லங்கள் 110-ஐ ஒட்டி அமைந்துவிட்டமையால் அங்கே பழைய வழியே நிலைத்து, இன்று 120 வோல்ட், 60 சுழற்சியாக இருக்கிறது. ஜப்பானில் அழுத்தம் 100 வோல்ட். அந்நாட்டின் கிழக்குப் பகுதி ஜெர்மானிய இயந்திரங்களை வாங்கியதால் 50 சுழற்சி. மேற்குப் பகுதி அமெரிக்க இயந்திரங்களை வாங்கியதால் 60 சுழற்சி. ஒரே நாடு இன்றளவும் இரு சுழற்சியில் வாழ்கிறது.

சுழற்சியை மாற்றிக்கொள்வது எளிதன்று என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் நல்ல சான்று. நயாகராவின் 25 சுழற்சியில் வாழ்ந்த தென் ஒன்டாரியோ, 1949-ல் தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில் 60 சுழற்சிக்கு மாறிற்று. மின்வாரியத்தின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று துணி துவைக்கும் இயந்திரம், குளிர்ப்பெட்டி முதலியவற்றின் மோட்டார்களை மாற்றிக் கொடுத்தனர். ஒரு மக்கட்குழு முழுவதும் தன் வீட்டு மோட்டார்களை மின்சாரத்துக்குப் பொருத்திக்கொண்ட நிகழ்ச்சி அது.

மைசூரும் காலப்போக்கில் 25 சுழற்சியை விட்டு 50-க்கு வந்து சேர்ந்தது. இருவேறு சுழற்சியுள்ள மின்னமைப்புகள் நேராக இணைய முடியா. ஒன்றின் மோட்டாரால் மற்றொன்றின் மின்னாக்கியைச் சுழற்றும் தனி இயந்திரம் இடையே வேண்டும். அண்டை மாநிலங்கள் ஒன்றுக்கொன்று மின்சாரம் கொடுத்து வாங்கவேண்டுமானால் சுழற்சி ஒன்றாக வேண்டும். இன்று நாடு முழுவதும் ஒரே மின்வலை. ராமாபுரமாயினும், டில்லியாயினும், நாகர்கோவிலாயினும் இல்லத்துக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 சுழற்சி. மேலும் கீழும் பொதுவாக 6 விழுக்காடு ஏற்ற இறக்கம் ஒப்புக்கொள்ளப்படுகிறது. அஃதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. கோயம்புத்தூரில் வாங்கிய மாவரைக்கும் கிரைண்டரை மைசூருக்கோ மும்பைக்கோ எடுத்துச் சென்று அச்சமின்றி இணைக்கிறோம். இந்த அச்சமின்மை தானே வந்ததன்று; தேடிச் சேர்த்த பொதுச்சொத்து.

எனினும், பொருந்தாமைக்கான இடங்கள் முற்றும் மறைந்துவிடவில்லை. பழுதுற்ற மோட்டாருக்கு மாற்று வாங்கும்பொழுது நாம் கவனிக்க வேண்டியவற்றை வரலாறே கற்பிக்கிறது.

முதலாவது, பழைய மோட்டாரின் மேலுள்ள பெயர்த்தகடு. அதில் வோல்ட், சுழற்சி, ஆம்பியர், குதிரைத்திறன் அல்லது கிலோவாட், நிமிடச் சுற்று ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். கடைக்குச் செல்லும்பொழுது மோட்டாரின் உருவத்தைச் சொல்வதைக் காட்டிலும் இத்தகட்டின் எழுத்தைக் குறித்துச் செல்வது மேல். குதிரைத்திறன் ஒன்றாக இருந்தும் சுற்று வேறாக இருந்தால் கிரைண்டர் கல்லின் வேகம் மாறும். மாவு சூடாகும், அல்லது அரைபடாது.

இரண்டாவது, ஒற்றை ஃபேஸா, மூன்று ஃபேஸா என்பது. இல்லத்துக்கு வரும் 230 வோல்ட் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ளது. மூன்று ஃபேஸ் இணைப்பில் இரு ஃபேஸ் கம்பிகளுக்கிடையே 400 வோல்ட் இருக்கும். தோட்டத்துப் பம்பிலிருந்து கழற்றிய மூன்று ஃபேஸ் மோட்டாரை வீட்டுத் தொட்டிக்குப் பொருத்த முனைவோர் உண்டு. ஒற்றை ஃபேஸில் அது தானாகப் புறப்படாது, உறுமி நிற்கும், நிறுத்தாவிட்டால் எரியும்.

மூன்றாவது, கண்டென்சர். ஒற்றை ஃபேஸ் மோட்டார் புறப்படுவதற்கு வேண்டிய உந்துதலை அதுவே தருகிறது. மோட்டாரை மாற்றிவிட்டுப் பழைய கண்டென்சரையே வைத்துக்கொள்வது பலரது வழக்கம். புதிய தகட்டில் குறித்த அளவுடையதையே பொருத்த வேண்டும். பல வேளைகளில் பழுது கண்டென்சரில் இருக்க, மோட்டாரைக் குறை கூறி மாற்றிவிடுவதும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். தேர்ந்த மின்பணியாளரே அதனைத் தொடுதல் நலம்.

நான்காவது, வெளிநாட்டுப் பொருள்கள். அமெரிக்காவிலுள்ள மகனோ மகளோ கொண்டுவரும் 120 வோல்ட் கருவிக்கு ஒரு மின்மாற்றியை வாங்கி வைத்தால் போதும் என்று கருதுகிறோம். மின்மாற்றி அழுத்தத்தை மட்டுமே குறைக்கும், சுழற்சியை மாற்றாது. 60 சுழற்சிக்கு அமைந்த மோட்டார் 50-ல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, இரும்பில் காந்தம் மிகுந்து, இயல்பைவிடச் சூடாகும். மிக்ஸி போன்றவற்றில் கரித்துண்டு உராயும் வேறு வகை மோட்டார் இருக்கிறது. அதன் வேகம் சுழற்சியால் கட்டுண்டதன்று. அதற்கு அழுத்தம் பொருந்தினால் பெரும்பாலும் போதும்.

ஐந்தாவது, இல்லத்தில் உண்மையாக வரும் அழுத்தம். நீண்ட மின்பாதையின் கடைக்கோடியிலுள்ள சிற்றூர்களில், பம்புகள் அனைத்தும் ஓடும் வேளையில் அழுத்தம் தாழ்வதுண்டு. முறுக்கு வலிமை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வரவேண்டிய இடத்தில் 184 வந்தால் அது ஐந்தில் நான்கு பங்கு. வலிமையோ நூற்றுக்கு 64 மட்டுமே. மோட்டார் புறப்படத் திணறும்பொழுது பெரிய மோட்டாரை வாங்குவது தீர்வாகாது. அது புறப்படும்பொழுது இன்னும் மிகுந்த ஓட்டத்தை இழுத்து அழுத்தத்தை மேலும் தாழ்த்தும். வேலைப்பளு மிகுந்த நேரத்தில் மின்பணியாளரைக் கொண்டு அழுத்தத்தை அளந்து பார்த்து, குறை வீட்டுக் கம்பியிலா, வெளிப்பாதையிலா என்று அறிந்து, அதன்பின் மோட்டாரைத் தேர்வதே முறை.

ஒரு மோட்டார் எரிந்தால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. தண்ணீர் ஏறாத வீட்டில் குடத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்களே. கிரைண்டரை நம்பி இட்லிமாவு விற்றுக் குடும்பம் நடத்துவோர் பெங்களூரிலும் மைசூரிலும் மும்பையிலும் நம்மவரிடையே உள்ளனர். அவர்களுக்கு இரண்டு நாள் மோட்டார் நின்றால் இரண்டு நாள் வருவாய் நின்றது என்று பொருள். ஆகவே தகட்டிலுள்ள நான்கு எண்களைப் படிப்பது அற்பச் செயலன்று.

காவிரிக் கரையில் முனைகளை எண்ணி வைத்த ஓர் அளவு, ஒரு நாட்டின் இல்லங்களில் எந்த மோட்டார் ஓடும், எது எரியும் என்பதைப் பல்லாண்டுகள் தீர்மானித்தது. அந்த வேற்றுமைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, 230 என்றும் 50 என்றும் இரண்டு எண்களில் நாடு ஒன்றுபட்டிருக்கிறது. எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் இல்லத்துச் சுவரில் வந்து நிற்பது அந்த ஒற்றுமையே. நாம் வாங்கும் மோட்டார் அதற்கு இசைந்ததா என்று பார்த்துக்கொள்ளும் சிறு பொறுப்பு மட்டுமே நம்முடையதாக எஞ்சியிருக்கிறது.